பிணை நிற்கும் கடதாசி: கனடாவுக்கு உறவினரை அழைத்த வரலாறு

கனடாவிற் குடியேறிய எம்மவர் வீடுகள் பலவற்றில், உடுப்பு அலுமாரியின் மேற்றட்டிலோ சுவாமி அறையின் ஓரத்திலோ தடித்த கோவை ஒன்று பத்திரமாக இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள், ரி-4 படிவங்கள், வேலை கொடுப்போரின் கடிதங்கள், வருமானவரி மதிப்பீட்டு அறிவித்தல்கள், குடிவரவு அமைச்சிலிருந்து வந்த கடித உறைகள் என அதற்குள் ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சரித்திரமே அடங்கிக் கிடக்கும். வீட்டார் அதனை 'அம்மாவின் பைல்' என்பர். அம்மா வந்து சேர்ந்து, பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, காலமான பின்னரும் அக்கோவையை எறிவதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை.

பெற்ற தாய்க்குச் சோறு போடத் தன்னால் இயலும் என்பதை மகன் ஓர் அரசாங்கத்துக்கு எழுத்தில் நிரூபிக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? ஊரிலே பிணை நிற்பது என்றால் கடன்காரனுக்கோ நீதிமன்றத்துக்கோ நிற்பதுதான். இங்கு உறவுக்கே பிணை நிற்க வேண்டியிருக்கிறது. எம்மவருள் பலர் இதனைத் தமிழ் அகதிகளுக்கென்றே இயற்றப்பட்ட சட்டம் என எண்ணியதுண்டு. உண்மையில் அது நாங்கள் இந்நாட்டில் காலடி வைப்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்னரே முளைவிட்ட ஒன்று.

கனடாவின் குடிவரவு வரலாற்றில் 'காசைக் காட்டு' என்ற கட்டளை முதலில் ஆசியர் மீதே கடுமையாக விழுந்தது. பசுபிக் புகையிரதப் பாதை அமைக்கும் வேலை முடிந்த 1885 ஆம் ஆண்டிலேயே, உள்ளே வரும் சீனர் ஒவ்வொருவர் மீதும் 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1900 இல் அது 100 டொலராகவும் 1903 இல் 500 டொலராகவும் உயர்ந்தது. 1923 இல் சீனர் வருகையே ஏறத்தாழ முற்றாகத் தடுக்கப்பட்டு, 1947 வரை அந்நிலை நீடித்தது. மனைவி மக்களை ஊரில் விட்டுவந்த ஆண்கள் கிழவராகும்வரை தனியே வாழ்ந்து மடிந்தமை அக்காலத்துக் கதை.

இந்தியர் பிரித்தானியப் பேரரசின் குடிகள்; ஆகவே அவர்களைப் பெயர் சொல்லித் தடுப்பது இலண்டனுக்குச் சங்கடம் தரும். எனவே 1908 இல் வேறொரு வழி கண்டனர். பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காது நேரே வருபவரே இறங்கலாம் என்பது ஒரு விதி. ஆசியரிடம் 200 டொலர் கையில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஐரோப்பியரிடம் அக்காலத்திற் கேட்கப்பட்ட தொகை 25 டொலர் மாத்திரமே. இவ்விதிகளை எதிர்த்து 1914 மே 23 அன்று வன்கூவர் துறையை அடைந்த கோமகாட்டா மாரு என்னும் கப்பலில் 376 பேர் இருந்தனர். இரண்டு மாதங்கள் கடலிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட அக்கப்பல், இருபத்துச் சொச்சம் பேரை மட்டும் இறக்கிவிட்டு யூலை 23 இல் திருப்பி அனுப்பப்பட்டது. அதற்கான மன்னிப்பைக் கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்திற் கேட்டது 2016 இலேதான்.

1919 இல் ஒரு சிறு கதவு திறந்தது. ஏற்கெனவே கனடாவில் நிலையாக வாழ்ந்த இந்தியர் தம் மனைவியரையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைக்கலாம் என்றாயிற்று. ஆயினும் 'இவள் என் மனைவி, இவன் என் மகன்' என்பதைப் பத்திரத்தால் நிறுவுவது, விவாகப் பதிவும் பிறப்புப் பதிவும் ஒழுங்காக இல்லாத பஞ்சாபிக் கிராமத்தவர்க்கு எளிதாக இருக்கவில்லை. வந்தவர் தொகை மிகச் சொற்பம். உறவு என்பது பத்திரத்தில் இருந்தாலன்றிச் செல்லாது என்ற பாடத்தைச் சீக்கியர் அன்று கற்றனர். எமது முறை பின்னர் வந்தது.

இன்றைய பொறுப்பேற்பு முறையின் நேரான மூதாதையை இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த வருடத்திலே காணலாம். 1946 மே மாதத்தில் பிறந்த ஓர் அரசாணை, கனடாவில் வாழும் ஒருவர் தம் நெருங்கிய உறவினரை வரவேற்றுப் பராமரிக்கக்கூடிய நிலையில் இருப்பின் ஐரோப்பாவிலிருந்து அவர்களை அழைக்கலாம் என்றது. போரால் வீடிழந்து முகாம்களில் தங்கியிருந்தோரின் உறவினர் இவ்வழியைப் பயன்படுத்தினர். 'வரவேற்றுப் பராமரிக்கும் நிலை' என்ற அத்தொடரைக் கவனித்தல் வேண்டும். உறவு மட்டும் போதாது, வசதியும் வேண்டும் என்ற எண்ணம் அதற்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு வசதி என்பதை அன்று தீர்மானித்தவர் மேசைக்கு அப்பால் இருந்த உத்தியோகத்தர்; சூத்திரம் எதுவும் இல்லை.

இலங்கையின் பெயர் இவ்வரலாற்றில் தனியாக இடம்பெறுவது 1951 இலாகும். புதிதாகச் சுதந்திரம் பெற்ற மூன்று பொதுநலவாய நாடுகளுடன் கனடா செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆண்டொன்றுக்கு இந்தியாவிலிருந்து 150 பேரும் பாகிஸ்தானிலிருந்து 100 பேரும் இலங்கையிலிருந்து 50 பேரும் வரலாம். சுமார் 80 இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவுக்கு ஐம்பது இடம்! ஒரு பஸ் வண்டியில் ஏற்றக்கூடிய தொகை. அந்த ஐம்பதிலும் சிங்களவர், பறங்கியர், தமிழர் எல்லோரும் அடக்கம்.

1962 இல் குடிவரவு விதிகளிலிருந்து இனப் பாகுபாடு நீக்கப்பட்டதெனப் பாடநூல்கள் கூறும். தனியாளாகத் தகைமையுடன் விண்ணப்பிப்பவரைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் உறவினரை அழைக்கும் உரிமையிற் பாகுபாடு அப்படியே தங்கியிருந்தது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் வந்தோர் தம் சகோதரர், விவாகமான பிள்ளைகள் முதலிய விரிந்த உறவினரை அழைக்கலாம். ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தோருக்கு மிக நெருங்கிய உறவினர் மட்டுமே. இத்தாலியர் ஒருவர் ரொறன்ரோவில் இறங்கினால் பின்னால் ஒரு கிராமமே வந்துவிடும் என்று அன்று பேசப்பட்டது. ஆசியர் அவ்வாறு வந்துவிடக்கூடாது என்ற அச்சமே இதற்குக் காரணம். 1967 ஒக்ரோபர் முதலாந் திகதி புள்ளி முறை வந்தபோதே இவ்வேறுபாடு ஒழிந்தது. கனடியக் குடிவரவுச் சட்டத்தில் வெளிப்படையாக நின்ற கடைசி இன வேலி, உறவினரைப் பொறுப்பேற்கும் இடத்திலேதான் நின்றது என்பதை எம்மவர் அறிந்திருப்பது நல்லது.

1976 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1978 ஏப்ரல் 10 இல் நடைமுறைக்கு வந்தது. 'குடும்ப வகுப்பு' என்ற பிரிவைச் சட்டமாக்கியதும், அகதிகளுக்குத் தனி இடம் கொடுத்ததும் அச்சட்டமே. எமது கோவைகளில் இருக்கும் பொறுப்பேற்பு உறுதிமொழியும் அதன் பிள்ளைதான். அழைப்பவர் பத்து ஆண்டுகள்வரை உறவினரின் உணவு, உடை, உறையுள் ஆகியவற்றுக்குப் பொறுப்பாளி என்று கையொப்பமிட வேண்டும். உத்தியோகத்தரின் மனப்போக்கு இருந்த இடத்துக்கு ஓர் எண் வந்தது.

அந்த எண் வந்த வழி சுவையானது. கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் 1959 ஆம் ஆண்டின் குடும்பச் செலவுக் கணக்கை ஆராய்ந்து, சராசரிக் குடும்பமொன்று தன் வருமானத்திற் பாதியளவை உணவு, உடை, உறையுளுக்குச் செலவிடுகிறதெனக் கண்டது. அதற்குமேல் 20 சதவீதம் கூட்டி, 70 சதவீதத்தை இம்மூன்றுக்கும் செலவிட வேண்டிய குடும்பம் இடர்ப்பாட்டில் உள்ளதெனக் கொண்டது. 1992 ஆம் ஆண்டின் கணக்கில் இந்த வரம்பு 54.7 சதவீதமாகத் திருத்தப்பட்டது. இதுவே தாழ்வருமான எல்லைக்கோடு. வறுமையை ஆராய்வோருக்காக வரையப்பட்ட கோடு அது. தகப்பனை அழைக்கலாமா கூடாதா என்று தீர்ப்பதற்கு வரைந்ததன்று. எனினும் குடிவரவுத் திணைக்களம் அதனையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. 2002 இன் விதிகளின்படி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரங்களுக்குரிய எல்லையே எல்லோருக்கும் பொருந்தும். பெருநகரில் வீட்டு வாடகை அதிகமென்பதால் அக்கோடே மிக உயர்ந்தது. சிறு பட்டினத்தில் கோழிப் பண்ணையில் வேலை செய்பவரும் ரொறன்ரோக்காரர் காட்டும் வருமானத்தையே காட்ட வேண்டும்.

இக்கணக்கில் எம்மவர் பெரிதும் தடுக்கி விழுந்த இடம் தலைகளை எண்ணும் முறை. உதாரணமாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்: நால்வர். ஊரிலே தகப்பன், தாய், அவர்களுடன் விவாகமாகாத தங்கை: மூவர். ஆக, ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்குரிய வருமானத்தைக் காட்டவேண்டும். சில வருடங்களுக்கு முன் மனைவி தன் தாயாருக்குப் பொறுப்பேற்றுக் கணவனும் அதிற் கூட ஒப்பமிட்டிருந்து, அந்தத் தவணை முடியாதிருந்தால் அவரும் எட்டாவது தலையாக எண்ணப்படுவார். அவர் தனி வீட்டிற் சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்தாலும் அவ்வாறே. வங்கியிற் கிடக்கும் பணம், சீட்டிற் கட்டிய காசு, மனைவியின் கழுத்து நகை, ஊரிலுள்ள கல்வீடு என்பவை கணக்கில் வரா; வருமானம் மட்டுமே வரும். அதிலும் வரித் திணைக்களம் அறிந்த வருமானமே வருமானம்.

உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் கையிற் காசாகச் சம்பளம் பெற்ற எத்தனையோ இளைஞர், அம்மாவை அழைக்கும் எண்ணம் வந்ததும் வேலை மாறினர். பகலிலே தொழிற்சாலை, இரவிலே பெற்றோல் நிலையம் என இரண்டு ரி-4 சேர்த்தனர். எமது சமூகத்தைக் கனடிய வருமானவரிப் பதிவேட்டிற்குள் கொண்டுவந்தது வரித் திணைக்களத்தின் அதட்டலை விடத் தாய்மாரின் பைல்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கணவன், மனைவி, சார்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியோரை அழைக்கும்போது இந்த எல்லைக்கோடு பொதுவாகக் குறுக்கிடுவதில்லை. அது குறுக்கே நிற்பது பெற்றோரையும் அவர் தந்தையரையும் தாயாரையும் அழைக்கும்போதே.

அமெரிக்காவிலுள்ள எம் உறவினர் நிரப்பும் பத்திரம் வேறுவகை. பொதுப் பணத்திற்குச் சுமையாகக்கூடியவர் உள்ளே வரலாகாது என்ற விதி அங்கே 1882 முதல் உண்டு. 1930களில் நாசி ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்ற யூதர்கள், அமெரிக்காவிலிருந்து யாராவது ஒருவர் தமக்காகச் சத்தியக் கடதாசி அனுப்பமாட்டாரா என்று முன்பின் அறியாத ஒரே குடும்பப் பெயருடையோருக்கெல்லாம் கடிதம் எழுதிக் காத்திருந்தனர். அந்தக் கடதாசி நெடுங்காலம் நீதிமன்றத்தில் வலுவற்றதாகவே இருந்தது. 1996 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலமே அது வழக்கிட்டு வசூலிக்கத்தக்க ஒப்பந்தமாயிற்று. அங்கு வறுமை எல்லையின் 125 சதவீதம் வருமானம் வேண்டும். குறைந்தால் வீடு, வைப்புப் பணம் முதலிய சொத்தைக் காட்டலாம். அந்த வறுமை எல்லையும் 1960களில் ஓர் உணவுச் செலவுக் கணக்கை மூன்றாற் பெருக்கிப் பெற்றதே. இரு நாடுகளிலும் உறவின் வாசலைக் காப்பது பழைய சந்தைக் கணக்கு.

எமது கதைக்கு வருவோம். 1983 யூலை இன வன்செயலின் பின்னர், கனடாவிலுள்ளோரின் இலங்கை உறவினருக்கெனச் சில சிறப்பு ஏற்பாடுகளைக் கனடா செய்தது. ஆனால் அன்று இங்கிருந்த தமிழர் தொகை சிறிது. அழைக்க ஆளிருந்தவர் சிலரே. பெரும்பாலானோர் உறவின் பெயரால் அன்றி அகதிகளாகவே வந்தனர். 1985 ஏப்ரல் 4 இல் உயர் நீதிமன்றம் வழங்கிய சிங் தீர்ப்பு, அகதிக் கோரிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நேரில் வாய்மொழியாகத் தம் கதையைக் கூறும் உரிமை உண்டென்றது. 1986 ஓகஸ்ட் 11 இல் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினர். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவர்களுக்கு அமைச்சரின் அனுமதிப் பத்திரம் வழங்கப்பட்டது. 1989 சனவரியில் குடிவரவு, அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது.

அகதியென ஏற்றுக்கொள்ளப்பட்டவர் தம் நிரந்தர வதிவிட விண்ணப்பத்திலேயே மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிணை தேவையில்லை. பெற்றோர் அப்பத்திரத்துக்குள் அடங்கார். ஆகவே 1990களின் தொடக்கத்திலே, ஐந்து வருடங்களுக்கு முன் படகிலோ பொய்க் கடவுச்சீட்டிலோ வந்து, 'எனக்கு அடைக்கலம் தாருங்கள்' என்று கேட்டவரே, 'இவர்களுக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்கும் நிலைக்கு வந்தார். ஒரே மனிதர், ஒரே அமைச்சு, மேசையின் அதே பக்கம். கையொப்பத்தின் பொருள் மட்டும் தலைகீழாயிற்று. எம் சமூகத்தின் வரலாற்றை எழுதுவோர் போராட்டங்களையும் கோயில்களையும் கடைகளையும் பற்றி எழுதுவர். இந்தக் கையொப்பத்தைப் பற்றி எழுதுவதில்லை.

பத்திரத்தின் மறுபாதி ஊரிலிருந்து வரவேண்டும். 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. ஆனையிறவு வழி மூடப்பட்ட நிலையில், கொழும்புக்குப் போக வேண்டிய முதியோர் கிளாலிக் கடனீரேரியைக் கடற்படைக்கு அஞ்சி இரவிலே படகிற் கடந்தனர். மடியிலே பொலித்தீன் உறையிற் சுற்றிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். கொழும்பிலே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜ் அறை, பொலிஸ் பதிவு, மருத்துவப் பரிசோதனை, தூதரகத்தின் நேர்முகம். மகன் ஒரு திகதி குறித்திருப்பார், தாயின் பத்திரத்தில் வேறு திகதி இருக்கும். பெயரில் ஓரெழுத்து மாறியிருக்கும். தகப்பன் பெயர் முன்னே வரவேண்டிய இடத்திற் பின்னே வந்திருக்கும். குடும்பப் பெயர் என்றொன்று இல்லாத மக்களிடம் குடும்பப் பெயர் எது என்று படிவம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தியக் கடதாசி, ஒரு மொழிபெயர்ப்பு, மாதக்கணக்கிற் காத்திருப்பு. மருத்துவ அறிக்கை காலாவதியானால் மறுபடி பரிசோதனை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்ட வீடுகளுக்குள் எத்தனை பத்திரங்கள் கிடந்தன என்பதை எவரும் எண்ணவில்லை.

அதே 1995 பெப்ரவரியிற் கனடிய அரசு, வரவு செலவுத் திட்டத்துடன் தரையிறங்கும் உரிமைக் கட்டணமாக ஆளுக்கு 975 டொலர் விதித்தது. விண்ணப்பக் கட்டணம் 500 டொலரும் சேர, தாயும் தகப்பனுமாக இருவரை அழைக்க 2,950 டொலர் முதலிலேயே வேண்டும். அகதிகளாக ஏற்கப்பட்டோரும் இதனைச் செலுத்த வேண்டியிருந்தது. இது புதிய தலைவரி என்று சீனக் கனடியரும் அகதிகள் நல அமைப்புகளும் எதிர்த்தன. அவர்கள் கூறியதில் நியாயம் இருந்தது. 2000 இல் அகதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2006 இல் கட்டணம் 490 டொலராகக் குறைந்தது. அதே ஆண்டு யூன் 22 இலேயே பழைய சீனத் தலைவரிக்காக அரசு மன்னிப்புக் கோரியது.

2002 யூன் 28 இல் வந்த புதிய சட்டம் சிலவற்றை இலகுவாக்கியது. கணவன், மனைவிக்கான பொறுப்புக் காலம் பத்திலிருந்து மூன்று ஆண்டாகக் குறைந்தது. அவர்களையும் பிள்ளைகளையும் நோய் காரணமாக அதிக மருத்துவச் செலவு வருமென்று தடுப்பதும் நின்றது. ஆனால் அதே விதிகளுள் ஒரு முள்ளும் இருந்தது. ஒருவர் தாம் வந்திறங்கும்போது குறிப்பிடாத, பரிசோதனைக்கு உட்படுத்தாத குடும்ப உறுப்பினரைப் பின்னர் ஒருபோதும் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது. விவாகமாகாத பிள்ளை என்ற வகையிற் பெற்றோருடன் வந்தவர், இடையில் ஊரிலே தாலி கட்டியதை மறைத்திருந்தால், அந்த மனைவி சட்டத்தின் கண்ணில் என்றும் அந்நியரே. எந்த முகவரோ எழுதிய ஒரு வரி ஒரு குடும்பத்தைப் பல வருடங்கள் பிரித்து வைத்தது. 2019 செப்ரெம்பரிலேயே ஒரு தற்காலிகக் கொள்கை மூலம் சிலருக்கு இதிலிருந்து விடுதலை கிடைத்தது.

கையொப்பத்தின் பாரம் எத்தகையது என்பது 2011 யூன் 10 இல் முற்றாகத் தெளிவாயிற்று. ஒன்ராறியோவிற் பொறுப்பேற்று அழைத்த உறவினர் சமூகநல உதவிப்பணம் பெற்றுக்கொண்டதால், அத்தொகையைத் திருப்பித் தரும்படி அரசு கேட்ட எட்டுப் பேர் தொடுத்த வழக்கு அது. அழைத்து வந்த துணை பிரிந்து போயிருக்கலாம்; அழைத்தவரே வேலையிழந்திருக்கலாம். எவ்வாறாயினும் கடன் கடனே என்று உயர் நீதிமன்றம் கூறியது. வசூலிக்கு முன் அறிவித்தல் கொடுத்து அவர்தம் நிலையைக் கேட்க வேண்டும், தவணை கொடுக்கலாம் என்பதே கிடைத்த ஆறுதல். இதைச் 'சும்மா ஒரு ஒப்பம்' என்று நினைத்து நண்பரின் மனைவிக்கும் மச்சானுக்கும் இணையொப்பம் கேட்டவர்கள் உண்டு. இணையொப்பமிடும் உரிமை துணைவருக்கே உரியது. அவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பாளி.

கியூபெக்கின் கதை தனி. 1991 ஆம் ஆண்டின் உடன்படிக்கையின்படி பொறுப்பேற்பு உறுதிமொழியை அம்மாகாண அரசே பெறுகிறது. வருமானக் கணக்கும் வேறு. மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு இடம்மாறிய எம்மவர் இரண்டு வகைப் படிவங்களுக்கும் இடையிற் குழம்பியதற்கு இதுவே காரணம்.

2011 நவம்பர் 5 இல் பெற்றோர், பேரன், பேர்த்தி ஆகியோருக்கான விண்ணப்பங்கள் ஏற்பது அடியோடு நிறுத்தப்பட்டது. பதிலாக நீண்டகால வருகை விசா ஒன்று டிசெம்பரில் அறிமுகமாயிற்று. 2014 சனவரியில் வாசல் மீளத் திறந்தபோது அது முன்னைய வாசலாக இல்லை. ஆண்டுக்கு 5,000 விண்ணப்பங்களே ஏற்கப்படும். எல்லைக்கோட்டுக்கு மேல் 30 சதவீதம் வருமானம் வேண்டும். ஒரு வருடத்துக்கன்று, தொடர்ந்து மூன்று வருடங்களுக்கு. வேலை கொடுப்பவரின் கடிதம் செல்லாது. வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தலே சாட்சி. பொறுப்புக் காலம் இருபது ஆண்டு. அதே ஆண்டு ஓகஸ்டில், பெற்றோருடன் சேர்ந்து வரக்கூடிய பிள்ளையின் வயதெல்லை 22 இலிருந்து 19 ஆகக் குறைக்கப்பட்டு, 2017 ஒக்ரோபரில் மீண்டும் 22 ஆயிற்று. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் 19 வயதைத் தாண்டிய பிள்ளைகள் பலர் பெற்றோரைத் தனியே விமானமேற்றினர்.

பின்னர் வந்தது குலுக்கல். 2017 இல் விருப்பம் தெரிவித்தோரிலிருந்து சீட்டிழுத்தனர். 2019 இல் முந்தி வருவோருக்கே முதலிடம் என்றனர். கணினி வாசல் திறந்த சில நிமிடங்களுக்குள் இடங்கள் நிரம்பிவிட்டன. விரல் விரைவாக இயங்காதவர், வேலையில் நின்றவர், பழைய கணினி வைத்திருந்தவர் எல்லோரும் வெளியே நின்றனர். 2020 இல் மறுபடி குலுக்கல். அவ்வாண்டிற் பெயர் கொடுத்தோரின் பட்டியலிலிருந்தே அதன் பின்வந்த ஆண்டுகளிலும் அழைப்புகள் அனுப்பப்பட்டன. பெருந்தொற்றில் வேலையிழந்தோருக்காக 2020, 2021 ஆம் வருடங்களின் கணக்கில் மட்டும் அந்த 30 சதவீதம் தளர்த்தப்பட்டது.

இருபது ஆண்டு என்பதைப் படிவத்தில் வாசித்தால் ஒரு வரி. எழுபது வயதுத் தாயாருக்கு அது தொண்ணூறு வயதுவரை. முதியோர் ஓய்வூதியம் பெற அவர் இந்நாட்டிற் பத்து ஆண்டுகளாவது வாழ்ந்திருக்க வேண்டும். மகனின் பொறுப்போ அதற்குப் பின்னும் பத்து ஆண்டு ஓடும். அவர் காலமானால் மட்டுமே அது முன்கூட்டி முடியும். 2015 இல் ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய தாய்க்காக இடப்பட்ட கையொப்பம் 2035 இலே காலாவதியாகும். அதனை இட்டவர் 1989 இல் அகதியாக வந்த இருபது வயது இளைஞராயின், அன்று அவருக்கு வயது அறுபத்தாறு.